பவுனு போகும் வழி

ஒவ்வொரு வருடமும் வைகாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் வீட்டுப் புறவாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவேன். எதிரே அடுக்களைக் கதவு. அதன் அடிப்பாதியில், நாய் போய்வருவதற்கென்று ஒரு சின்னக் கதவு பதித்திருக்கிறது. நாய் கிட்டே வந்தால் தானாக ஏறி, அது தாண்டிப் போனபின் தானாக இறங்கும் மோட்டார் கதவு. பக்கத்தில் மின்சாரம் சோதிக்கும் மல்டிமீட்டர், இரண்டு திருப்புளி, பழைய பல் பிரஷ், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. கழற்றுகிற திருகாணிகளையெல்லாம் தட்டில்தான் போடவேண்டும். மண்ணில் விழுந்தால் போனது போனதுதான். ஆனி பிறப்பதற்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும். காற்று எழுந்துவிட்டால் எனக்கு ஞாயிறும் இல்லை, ராத்திரியும் இல்லை.

பணகுடிக்கு ஒருமுறை வந்தவர்களுக்கு எங்கள் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மகேந்திரகிரி, தென்மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய். பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு அந்தக் கணவாய்க்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து எங்கள் மேல் பாய்கிறது. முப்பந்தலில் தொடங்கி ராதாபுரம் வரை காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். அந்தக் காற்றாலைகளில் பராமரிப்பு வேலை எனக்கு, 14 வருடமாக. மே முதல் செப்டம்பர் வரை எந்த ஆலை எந்த நேரத்தில் நின்றாலும் அழைப்பு வரும். எழுந்து போக வேண்டும்.

நான் அப்படிப் போகிற ராத்திரிகளுக்காக வைத்த கதவு இது. பவுனு சிப்பிப்பாறை நாய். சாத்தூர்ப் பக்கத்து ஊரின் பெயரைத் தாங்கிய இனம். ஓடப் பிறந்த உடம்பு. செவலையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் குட்டியாக வந்தபோது அம்மாதான் பவுனு என்று கூப்பிட்டார். பட்டாசல் என்கிற கூடத்தில் அம்மாவின் கட்டிலுக்கடியில்தான் படுப்பாள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒருமுறை, விடியும் முன் ஒருமுறை வெளியே போயே ஆகவேண்டும். பெருச்சாளியின் வாசனை வந்துவிட்டால் கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் அம்மா எழுந்து, இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு நடந்து போய்த் தாழ்ப்பாளைத் திறப்பார். அதிகாலை பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மருமகளை எழுப்ப மாட்டார். ஒரு ராத்திரி படியில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நான் காலையில் வீட்டுக்கு வரும்வரை அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதுதான் என்னை வருத்தியது.

முதலில் தொங்கும் ரப்பர் மடல் ஒன்றை மாட்டினேன். எங்கள் ஊருக்கு அது சரிப்படாது. ஆடிக்காற்று அதை ராத்திரி முழுக்க அறைந்துகொண்டே இருந்தது. காற்றுக்கு அசையாதபடி காந்தப் பட்டை ஒட்டினால், நாய் தலையால் முட்டித் திறக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டது. நாய்க்கு இளகி, காற்றுக்கு இளகாத கதவு வேண்டுமென்றால் அது ஏறி இறங்கும் பலகையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தம்பி 2019-இல் ஊருக்கு வந்தபோது அப்படி ஒன்றை வாங்கி வந்தான். அதனுடன் வந்த அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமானது. நம் 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நிமிடமே புகைந்துவிடும். ஆனால் கதவுக்குள் போவது 12 வோல்ட் நேர்மின்னோட்டம்தான். அதே வோல்ட், அதே முனை, போதுமான ஆம்பியர் உள்ள அடாப்டர் ஒன்றை வள்ளியூர் எலெக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். வெளிநாட்டிலிருந்து எந்தக் கருவி வந்தாலும், அதன் அடாப்டரின் முதுகில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் சொருக வேண்டும். “100–240” என்று போட்டிருந்தால் கவலையில்லை.

பொருத்தும்போது நாயின் தலையை அளக்கக் கூடாது. நின்ற நிலையில் தோள்பட்டையின் உயரத்துக்குச் சற்று மேலே திறப்பின் மேல்விளிம்பு இருந்தால் போதும். தலையை நாய் தானே தாழ்த்திக்கொள்ளும். பார்க்க வேண்டியது நெஞ்சின் ஆழத்தை. சிப்பிப்பாறைக்கு அகலம் குறைவு, ஆழம் அதிகம். கீழ்விளிம்பைத் தரையிலிருந்து 18 செ.மீ. உயர்த்தி வைத்தேன். மழைத்தண்ணீர் உள்ளே வராது என்பது ஒரு காரணம். மலையடிவார ஊரில் தரையோடு ஊர்ந்து வருகிறவற்றை நினைத்தது மற்றொன்று.

கதவு நாயை அடையாளம் காண்பது கழுத்துப்பட்டையில் தொங்கும் ஒரு வில்லையை வைத்து. இங்கேதான் முதல் சிக்கல் வந்தது. சிப்பிப்பாறைக்கும் கன்னி இன நாய்க்கும் கழுத்து தடிமன், தலை ஒடுக்கம். சாதாரணப் பட்டை போட்டால் பின்னால் ஒரு இழு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். ஒரே மாதத்தில் இரண்டு முறை வில்லையை வேலிமுள்ளில் தேடி எடுத்தோம். பிறகு, வள்ளியூரில் செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர், இழுத்தால் மட்டும் இறுகி, விட்டால் தளரும்படி இரண்டு வளையம் வைத்து அகலமான தோல்பட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். அது இன்றுவரை கழன்றதில்லை.

வில்லைக்குள் இருப்பது சி.ஆர். 2032 என்ற காசு பேட்டரி. 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம், அதைத்தான் அந்த எண் சொல்கிறது. இதை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து “மூன்று வோல்ட் இருக்கிறதே” என்று திருப்திப்படக் கூடாது. சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும். வேலை கொடுக்கும் அந்தக் கணத்தில் துவண்டுவிடும். அதனால் நான் மீட்டரை நம்புவதில்லை. மாற்றிய தேதியை மூடியின் உள்பக்கம் எழுதிவைத்து, ஆறு மாதம் ஆனதும் மாற்றிவிடுகிறேன். கழற்றிய பழைய பேட்டரியை அந்த நிமிடமே டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். நாயோ குழந்தையோ விழுங்கினால் சில மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

இனி நடந்த விபத்தைச் சொல்கிறேன்.

2022 ஐப்பசி. மழை அப்போதுதான் பிடித்திருந்தது. ராத்திரி பதினொன்றரை இருக்கும், நான் வீட்டில்தான் இருந்தேன். மோட்டார் ஏறும் சத்தம் வழக்கம்போல் கேட்டது. ஆனால் உச்சியில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், “ர்ர்ர்” என்று அரைத்துக்கொண்டே போனது. பிறகு ஒரு சொடுக்கு. அடுத்து பவுனுவின் குரல். நாய் குரைப்பதையும் ஊளையிடுவதையும் கேட்டுப் பழகிய காதுக்கு, வலியில் வரும் அந்த ஒற்றைக் கத்தல் வேறு மாதிரி இருக்கும். ஓடிப் போய்ப் பார்த்தேன். பலகை விழுந்து கிடந்தது. அவள் முற்றத்து இருட்டில் சுவரோடு ஒட்டி நின்று வாலை நக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் அடி; வாலின் நுனியில் தோல் கிழிந்திருந்தது. மறுநாள் டாக்டர் பார்த்து எலும்பு முறியவில்லை என்றார்.

அன்றே கதவின் மேற்பெட்டியைத் திறந்தேன். பலகை உச்சிக்கு வந்துவிட்டதைச் சொல்ல அங்கே ஒரு லிமிட் சுவிட்ச் உண்டு. நகம் அகலமே இருக்கும். ஒரு சின்ன நெம்புகோல். பலகை வந்து அதை அழுத்தினால் உள்ளே இரண்டு செப்பு முனைகள் தொட்டுக்கொள்ளும். அடியில் உள்ள சுவிட்சை விரலால் அழுத்தினேன். “டிக்” என்று கண்ணாடி வளையல் தட்டியதுபோல் சத்தம் வந்தது, முனைகள் தொட்டுவிட்டன என்று மீட்டரும் கூவியது. மேலே உள்ளதை அழுத்தினேன். நெம்புகோல் இறங்கியது, சத்தம் மொத்தையாக இருந்தது, மீட்டர் கூவவில்லை. பிளேடு முனையால் அதன் மூடியைக் கிளப்பிப் பீங்கான் தட்டில் கவிழ்த்தேன். சிற்றெறும்புகள். செப்பு முனைகளுக்கு இடையில், எள்ளை இடித்து அப்பியதுபோல், நசுங்கி நசுங்கிக் காய்ந்த ஒரு கறுப்பு அடை. அதன் ஓரத்தில், இன்னும் நசுங்காத ஏழெட்டு வெள்ளை முட்டைகள்.

மழைக்கு முன் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் உள்ளதிலேயே உயரமான, காய்ந்த, வெதுவெதுப்பான பொந்து எது? இரவு பகலாக மின்சாரம் ஓடும் அந்தப் பெட்டி. எறும்பின் மேல் குற்றமில்லை. முனைகள் தொடாததால், பலகை உச்சிக்கு வந்தது மோட்டாருக்குத் தெரியவில்லை. மேலும் தள்ளியது, முட்டியது, மின்னோட்டம் எகிறியது, எதுவோ சிக்கிக்கொண்டது என்று கதவின் கட்டுப்பாட்டு மின்சுற்று முடிவு செய்து பிடியை விட்டுவிட்டது. ஒன்றரைக் கிலோ பலகை தன் எடையில் விழுந்தது. நடுவில் பவுனு இருந்தாள்.

அப்போது சுவிட்சின் விலை 45 ரூபாய். மாற்றிவிட்டுப் போகலாம். ஆனால் என் தொழிலில் முதலில் சொல்லித்தரும் பாடம் அதுவல்ல. காற்றாலையில் பாதுகாப்புத் தொடர்பு முனைகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் ஒரே சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். எங்கே ஒரு கம்பி அறுந்தாலும், ஒரு முனை அழுக்கேறினாலும் சங்கிலி விட்டுப்போய் ஆலை நின்றுவிடும். கெட்டுப்போகும் பொருள் எந்தப் பக்கமாகக் கெட்டுப்போக வேண்டும் என்பதை முன்னாலேயே நாம் முடிவு செய்திருக்கிறோம். அதே கண்ணோடு இந்தக் கதவை நான் அதுவரை பார்க்கவில்லையே என்று அன்று மனம் கனத்தது. மூன்று வருடம் துடைத்தேன், சுத்தம் செய்தேன்; கெட்டால் யார் மேல் விழும் என்று யோசிக்கவில்லை.

இரண்டு காரியம் செய்தேன். லிமிட் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரீட் சுவிட்ச் வைத்தேன். உள்ளே இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை வைத்து இரு முனையும் உருக்கி மூடிய சின்னக் கண்ணாடிக் குழாய் அது. பலகையில் ஒட்டிய காந்தம் கிட்டே வந்தால் தகடுகள் தொட்டுக்கொள்ளும். எறும்பு நுழைய வழியில்லை, தூசும் நுழையாது. ஒன்றுக்கு இரண்டாக இணைகட்டினேன். ஒன்று படுத்தாலும் மற்றது பேசும். அந்தக் குழாயின் கால்களை வளைக்கும்போது கண்ணாடியை ஒட்டி வளைக்கக் கூடாது, விரிசல் விடும். மூக்குக்குறட்டால் காலைப் பிடித்துக்கொண்டு அதற்கு அப்பால் வளைக்க வேண்டும்.

இரண்டாவது காரியம்தான் எனக்கு முக்கியம். கிணற்றுக் கப்பியைப் போல் ஒரு சின்னக் கப்பியை மேலே வைத்து, பலகைக்கு எதிர் எடை கட்டினேன். உவரியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் கிடைக்கும். அவற்றில் 1.2 கிலோ வாங்கி வந்து ஒரு பி.வி.சி. குழாய்க்குள் போட்டு இரு பக்கமும் மூடி ஒட்டிவிட்டேன். ஈயத்தை நாய் நக்கக் கூடாது. இப்போது பலகையின் எடை, நடைமுறையில், 300 கிராம்தான். மோட்டார் எந்தக் கணத்தில் கைவிட்டாலும் பலகை விழாது, இறங்கும். கீழ்விளிம்பில் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி உறைபோல் ஒட்டினேன். பிறகு என் கையை அடியில் வைத்து இருபது முறை இறக்கிப் பார்த்தேன்.

கம்பிகள் நுழையும் துளைகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்தேன். அம்மா தன் பங்குக்குச் சட்டத்தைச் சுற்றி மஞ்சள்பொடி தூவினார். மழை ஈரத்தில் இரண்டு நாள் நின்றது. எறும்பு மருந்து எதையும் நான் அங்கே வைக்கவில்லை. நாய் நக்கும் உயரத்தில் விஷம் வைக்க மனம் வராது.

இதெல்லாம் ஒரு பகல் வேலை. சாயங்காலம் கதவு எண்ணெய் போட்டதுபோல் ஏறி இறங்கியது. பவுனுவைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை.

அடுக்களை வாசல்வரை வந்தாள். மோட்டார் முனகத் தொடங்கியதும் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, பின்னங்கால் நடுங்க, பட்டாசலுக்கு ஓடிவிட்டாள். கட்டிலுக்கடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அன்று ராத்திரி வெளியே போகவே இல்லை. விடியற்காலையில் பட்டாசல் மூலையில் சிறுநீர் கழித்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றாள். அம்மா தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, “எய்யா, நீ கதவைச் சரிசெய்துவிட்டாய். அவளை யார் சரிசெய்வது?” என்று கேட்டார்.

அம்மாவிடம்தான் அந்த வேலையை ஒப்படைத்தேன், நான் உதவியாள். முதலில் பலகையை முழுவதுமாகக் கழற்றிவிட்டோம். வெறும் சட்டம், வெறும் ஓட்டை. புறவாசலில் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் கருவாட்டுத் தலை கலந்த சோற்றுச் சட்டியை வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் சும்மா இருந்தார். கூப்பிடக் கூடாது என்பது அம்மா வைத்த விதி. “வா என்றால் வர மனமில்லாமலும் வருவாள். அவளாக வரவேண்டும்.” முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் முன்னங்கால் இரண்டையும் விளிம்பில் வைத்து முகர்ந்தாள். நான்காம் நாள் தாண்டினாள்.

பயம் பலகையின் மேல் இல்லை, சத்தத்தின் மேல் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மோட்டாரின் முனகலும் வலியும் அவளுக்குள் ஒன்றாகக் கட்டுப்பட்டுவிட்டன. அதனால் பலகையை மாட்டாமலே மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். அவள் பட்டாசலின் கடைசியில் சோறு தின்னும்போது ஒரு முறை, அவ்வளவுதான். மறுநாள் சட்டியை இரண்டடி இந்தப் பக்கம் நகர்த்தினோம். காதை மடித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவோம், சட்டி பின்னுக்குப் போகும். எதிர் எடை கட்டியதில் கிடைத்த எதிர்பாராத நன்மை ஒன்று: மோட்டாருக்குச் சுமை குறைந்து சத்தமும் மாறியிருந்தது. பழைய முனகல் இல்லை, மெல்லிய ரீங்காரம். அதுவும் அவளுக்கு உதவியிருக்கும் என்று நம்புகிறேன். பிறகு பலகையை மாட்டி, உச்சியில் முளை செருகி நிறுத்திவைத்தோம். பிறகு முளையை எடுத்தோம். மூடுவதற்கான நேரத்தை 3 நொடியிலிருந்து 8 நொடியாகக் கூட்டினேன். நீண்ட வால் உள்ள நாய்க்கு முதல் நாளே அப்படித்தான் வைத்திருக்க வேண்டும்.

19-ஆம் நாள் ராத்திரி இரண்டு மணி. நான் விழித்துத்தான் படுத்திருந்தேன். கட்டிலுக்கடியில் உடம்பை உதறும் சத்தம், நகங்கள் தரையில் தட்டும் சத்தம், அடுக்களையில் ஒரு நிறுத்தம். ரீங்காரம் எழுந்தது. அது உச்சிக்குப் போய் நின்றது. எனக்கு மூச்சு நின்றிருந்தது. பிறகு வெளியே, முருங்கை மரத்தடியில் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அம்மா இருட்டில், “போய்விட்டாள்” என்றார். அவரும் தூங்கவில்லை.

பராமரிப்பில் மற்றவை சின்ன விஷயங்கள். பலகை ஓடும் காடிக்குக் கிரீஸ் போடவே கூடாது. முதல் வருடம் நான் போட்டேன். எங்கள் செம்மண் தூசு கிரீஸில் கலந்து உப்புத்தாள்போல் பிளாஸ்டிக்கை அராவிவிட்டது. பிரஷால் தூசைத் தட்டி, உலர்ந்த துணியால் துடைத்து, துணியில் தொட்ட சிலிக்கோன் ஸ்பிரேயை ஒரு முறை இழுத்தால் போதும். பலகையின் இரு பக்கமும் காற்றைத் தடுக்கும் மயிர்ப்பட்டை ஆடி முடிந்ததும் படுத்துவிடும், மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசி இடிமழைக்கு அடாப்டரைப் பிடுங்கிவிட வேண்டும். ஒருமுறை பிடுங்க மறந்து, அடாப்டருக்குள் இருந்த கெப்பாசிட்டர் தலைவீங்கிப் போனது.

பெட்டிக்குள் மின்வெட்டுக்கென்று இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயில்தான் அதற்கு எமன். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. நம் ஊர்க் கோடையில் ஐந்து வருட பேட்டரி இரண்டு வருடம் வந்தால் சரி. இது எனக்கு உறைத்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த இரண்டு நாட்கள். நான் வேலைக்குப் போன இடத்தில் சாலை அறுந்து மாட்டிக்கொண்டேன். வீட்டில் மின்சாரம் போய், பேட்டரியும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிட்டது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர், 18 செ.மீ. விளிம்பும் புறவாசல் படியும் சேர்ந்து அதை உள்ளே விடவில்லை. மழை விட்ட நேரங்களில் பவுனு கதவடியில் வந்து நிற்பாள். அம்மா ஒற்றை விரலால் பலகையை உயர்த்தி முளையைச் செருகுவார். எதிர் எடை இல்லாத பழைய பலகையாக இருந்திருந்தால், குனிந்து ஒன்றரைக் கிலோவைத் தூக்கிப் பிடிக்க அந்த முழங்கால்களால் முடிந்திருக்காது. மூன்றாம் நாள் வீடு வந்து பேட்டரியை எடுத்தேன். வயிறு உப்பி, பெட்டியிலிருந்து உருவ வராமல் இறுகிக் கிடந்தது. இப்போது அதன் மேலும் தேதி எழுதுகிறேன்.

இந்த வைகாசியில் எல்லாம் கழற்றி மாட்டியாகிவிட்டது. ரீட் சுவிட்ச் இரண்டும் நலம். பல் பிரஷுக்கு வந்தது சிவப்புத் தூசு மட்டும்தான், எறும்பு இல்லை. ஆனால் சாக்கில் உட்கார்ந்திருந்தபோது பவுனு இரண்டு முறை போய் வந்ததை அருகிலிருந்து பார்த்தேன். முன்பு ஒரே தாவலில் தாண்டுகிறவள், இப்போது முன்னங்காலை விளிம்பில் வைத்து, ஒரு கணம் நின்று, பின்னங்காலை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதாகிறது. வெளிப்பக்கத்துக்கு ஒரு படி, உள்பக்கத்துக்கு ஒரு படி வேண்டும். 9 செ.மீ. உயரம், இரண்டு காலும் ஊன்றி நிற்கும் அகலம், மேலே சாக்கு ஒட்டினால் வழுக்காது. பழைய தொழுவத்திலிருந்து கழற்றிய பனஞ்சட்டம் இரண்டு சாய்ப்பில் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு காற்று எழவில்லை என்றால் அறுத்துவிடுவேன்.